நிழல்களிலிருந்து உருவை மீட்ட அறிஞர்

அறிஞர்களின் வரலாற்றை நம் மாணவர்க்கு எடுத்துரைக்கப் புகும்போது புலவர்களையும் சமயப் பெரியார்களையும் அரசியல் தலைவர்களையும் நினைவுகூர்கின்றோம். விஞ்ஞானத் துறையிலே நம்மவர் நடுவிற் றோன்றி உலகெங்கும் பயன்பட்டவர்களை நினைப்பது அரிதாகவே உள்ளது. சேர் சி. வி. இராமன் அவர்களின் பெயரையும் கணித மேதை இராமானுஜன் அவர்களின் பெயரையும் அறியாத மாணவர் இலர். அவ்விருவரையும் அடுத்து வைத்து எண்ணத்தக்க மற்றொருவரின் பெயரைச் சொல்லின், அவர் யாரென வினவுவோரே பலராவர். அவர்தாம் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

அவர் 2001ஆம் ஆண்டு ஏப்பிரில் 7ஆம் நாள் சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் வைத்தியர் அல்லர். ஒரு நோயாளியின் நாடியையேனும் பிடித்துப் பார்த்தவர் அல்லர். எனினும், நுரையீரலிற் புற்றுக் கண்ட ஒருவரின் நெஞ்சைத் திறக்குமுன் சத்திரசிகிச்சை நிபுணர் கூர்ந்து நோக்கும் படத்தினுள்ளே இவ்வறிஞரின் கணிதம் இருந்து பணியாற்றியுள்ளது. அக்கத்தியைத் தாங்கும் உடம்பு பின்னர் எவ்வாறு மூச்சுவிடும், நோய் மீண்டும் தலைகாட்டுமா என்பவற்றை முன்கூட்டி ஆராய்வதும் அப்படத்தைக் கொண்டே. மாத்தளையில் இருந்து தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் நான் பௌதிக அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுத முன்வந்தமைக்கு இதுவே முதற் காரணம். பிறிதொரு காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரனார் 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்துக் குறிக்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஊராகும். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கிப் பின் அதன் அதிபராகவும் உயர்ந்தவர். தாயார் இலட்சுமி அம்மாள். பிள்ளைப் பருவத்திலேயே கணிதம் அவருக்கு வீட்டுமொழி போலாயிற்று. பிற்காலத்தில் அவர் எத்துறையைத் தொட்டாலும், அதன் நடுவே ஒளிந்துகிடக்கும் கணக்கை வெளிக்கொணர்ந்து காட்டும் வன்மை பெற்றிருந்தமைக்கு வித்து அவ்வீட்டிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1939இல் திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியிற் சேர்ந்து பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்றார். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவராகிய அப்துல் கலாம் அவர்கள் பயின்றதும் இக்கல்லூரியே. 1942இல் நடந்த சிறப்புப் பட்டத் தேர்வில் இராமச்சந்திரனார் சென்னை மாகாணம் முழுவதிலும் முதல்வராகத் தேறினார். அவ்வாண்டே பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தை அடைந்து மின்பொறியியற் பிரிவில் மாணாக்கராயினார்.

அங்கே பௌதிகப் பிரிவின் தலைவராக வீற்றிருந்தவர் சேர் சி. வி. இராமன். மாணிக்கத்தை மணியாசிரியன் அறிவது போல இராமன் இவ்விளைஞரின் தகுதியைக் கண்டுகொண்டார். மின்பொறியியற் பிரிவுக்கு இவ்வளவு கூர்மையான அறிவு வேண்டுவதில்லை என்று அப்பிரிவின் தலைவரிடம் நகைச்சுவையாகச் சொல்லி அவரைத் தம் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார் என்பது அறிவியலாரிடையே வழங்கிவரும் செய்தி. ஆசிரியர் ஒருவர் தக்க வேளையிற் செய்யும் சிறு செயல் ஒரு மாணவனின் வாழ்வையே திசை திருப்பிவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இராமனின் கீழ் அவர் முதலில் ஆராய்ந்தது வைரம். வைரத்தின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத அதன் உட்குறைகளைப் படமாக வெளிப்படுத்தினார். உள்ளே இருப்பதை உடைக்காமலே அறிதல் என்னும் இப்பணி அவர் வாழ்நாள் முழுவதும் வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது. 1944இல் முதுநிலைப் பட்டமும் 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் இரண்டாண்டுகள் ஆராய்ந்து, 1949இல் மற்றொரு கலாநிதிப் பட்டத்துடன் பெங்களூர் மீண்டார்.

சென்னையில் அரும்பணி

1952இல் அவருக்கு வயது முப்பது நிரம்பவில்லை. அப்பொழுது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார், தாமே பெயர்பெற்ற மகப்பேற்று வைத்தியர். புதிதாகத் தொடங்கிய பௌதிகத் துறைக்குத் தலைவராக வருமாறு அவர் இராமனை அழைக்க, இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணாக்கரைச் சுட்டினார். இருபத்தொன்பது வயதினர் ஒருவரைப் பேராசிரியராக அமர்த்துவதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு முதலியாருக்கு இருந்தது.

சென்னையில் எதனை ஆராய்வது என அவர் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கில விஞ்ஞானி பேர்னல் அங்கு வந்திருந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் எவருக்கும் தெளிவாகவில்லை என்று அவர் கூறிய செய்தி இவருக்கு வழிகாட்டிற்று. தோல், தசைநாண், எலும்பு முதலிய உறுப்புக்களைப் பிணித்து நிற்கும் நார்ப்பொருளே கொலாஜன். தோல் ஆராய்ச்சிக்கென அமைந்த மத்திய நிலையம் அடையாற்றில் அருகிலேயே இருந்தது ஒரு வாய்ப்பு. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த நாரின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது தாளிற் பதித்த புள்ளிகளையும் கோடுகளையும் கொண்டு, கோபிநாத் கர்த்தா என்னும் துணைவருடன் சேர்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட முப்புரி வடிவினது என்று 1954இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அம்முப்புரியே மீண்டும் ஒருமுறை முறுகியிருப்பதையும் காட்டினார். கிளைசின் என்னும் மிகச் சிறிய அலகு ஒவ்வொரு மூன்றாமிடத்தும் நிற்பதனாலேயே இழைகள் இத்துணை நெருங்கி முறுக முடிகின்றது.

இங்கே ஒரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் தகும். சத்திரசிகிச்சைக்குப் பின் வெட்டுண்ட சதை மீண்டும் ஒன்றுகூடுவது இந்தக் கொலாஜன் நார் வளர்ந்து பிணிப்பதனாலேயாம். காயத்தைப் பார்க்கும் படத்திற்கும் காயம் ஆறும் நாருக்கும் ஒருவரே விளக்கந் தந்தார் என்பது வியப்பிற்குரியது.

முப்புரி அமைப்பை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டாரல்லர். ரிச், கிரிக் என்னும் பெரிய அறிஞர்கள், அவ்வமைப்பிற் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்குமீறி நெருங்குகின்றன எனக் குறை கூறினர். சொற்போரில் இறங்குவது பலர்க்கும் இயல்பு. இராமச்சந்திரனாரோ, அணுக்கள் உண்மையில் எத்துணை நெருங்கலாம் என்பதையே அடிப்படையிலிருந்து ஆராயத் தொடங்கினார். அதுவரை வெளிவந்த அமைப்புக்கள் அனைத்தையும் துருவித் துருவி நெருக்கத்தின் எல்லையைக் கண்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் இரண்டு கோணங்களால் திரும்புகின்றது. அவ்விரு கோணங்களுள் எவை இயலும், எவை இயலா என்பதை ஒரே கட்டப்படத்தில் வரைந்து, இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் மாணாக்கருடன் 1963இல் வெளியிட்டார். இன்றும் உலகில் எங்கேனும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தால், அது பிழையற்றதா என்று சோதிக்க எடுத்து விரிப்பது இராமச்சந்திரன் வரைபடம் என வழங்கும் இதனையே. மறுப்புரையை ஏணியாகக் கொண்டு மேலேறிய பெருமை அவருக்குரியது. நம் உரையாசிரியர்களும் மாற்றார் கூற்றை எடுத்து நிறுத்தி, அதன் வழியே தம் கருத்தைக் கூர்மைப்படுத்தியவர்கள் அல்லரோ?

நிழலும் உருவும்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய பணிக்கு வருவோம்.

1895இல் ஜெர்மனியில் ரொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அன்றுமுதல் நெஞ்சின் உள்ளே பார்க்கும் ஆற்றல் வைத்தியர்க்கு வாய்த்தது. ஆனால் அக்கதிர்ப்படம் ஒரு நிழலே. விலா எலும்பு, இதயம், நுரையீரல் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தளத்திற் கலந்துவிடும். எலும்பின் பின்னே ஒளிந்த சிறு கட்டியைக் காண்பது அரிது. கண்டாலும் அது முன்புறத்ததா பின்புறத்ததா என்று சொல்வது அரிது.

மாணவர்க்கு ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு கட்டச் சதுரத்தில் எண்களை எழுதி, எண்களை மறைத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையை மட்டும் சொல்கின்றோம். அதைக்கொண்டு உள்ளே உள்ள எண்களைக் காண இயலாது. குறுக்குத் தொகை, நெடுக்குத் தொகை, மூலைவாட்டுத் தொகை என்று பல திசைகளின் தொகைகளையும் தந்தால், மறைந்த எண்களை மீட்டுவிடலாம். எக்ஸ் கதிரும் தான் ஊடுருவிய வழியிலுள்ள அடர்த்திகளின் தொகையையே வெளியே கொண்டுவருகின்றது. எல்லாத் திசைகளிலிருந்தும் தொகைகளைப் பெற்றால் உள்ளுருவை மீட்கலாம் என்பதனை ரேடொன் என்னும் ஒஸ்திரியக் கணித அறிஞர் 1917இலேயே நிறுவினார். ஆயின், அதனைக் கணப்பொழுதில் பிழையின்றிச் செய்து முடிப்பது எங்ஙனம்? வினா அங்கேயே நின்றது.

எலக்ரோன் நுணுக்குக்காட்டியின் படங்களிலிருந்து முழு உருவை மீட்க 1968இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் ஃபூரியர் மாற்றம் என்னும் கணிதவழியைக் கையாண்டிருந்தனர். அது சுற்றுவழி, அக்காலத்துக் கணனிகளுக்குப் பெருஞ்சுமை. இராமச்சந்திரனாரும் அவர் மாணாக்கர் இலட்சுமிநாராயணனும் 1971இல் நேர்வழி ஒன்றை அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டனர்.

அவ்வழியை நான் எங்கள் ஊர் வழக்கொன்றால் விளங்கிக்கொண்டேன். மாத்தளைக்கு அணித்தேயுள்ள அலுவிகாரை, பௌத்த திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பெற்ற தலமாகும். பனையோலையில் எழுத்தாணியாற் கீறுவதை இன்றும் அங்கே காட்டுகின்றனர். கீறிய எழுத்து முதலிற் கண்ணுக்குப் புலனாவதில்லை. கரியும் எண்ணெயும் கலந்த மையை ஏடு முழுவதும் பூசுவர். ஏடே கருமை கொண்டுவிடும். பின்னர் மேலே படிந்ததைத் துடைத்தெடுக்க, கீறலில் தங்கிய மை மட்டும் நின்று எழுத்துத் துலங்கும்.

இராமச்சந்திரனார் காட்டிய வழியும் இத்தகையதே. ஒவ்வொரு திசையிலிருந்தும் பெற்ற தொகையை, அது வந்த வழியே திரும்பப் பூசிக்கொண்டு போனால், பொருள் இருக்குமிடத்தில் பல பூச்சுக்கள் குறுக்கிட்டுக் கருமை மிகும். ஆனால் சுற்றிலும் மங்கல் படர்ந்து உருவம் கரைந்து நிற்கும். ஆகவே, பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு தொகையினின்றும் அதன் அயலிலுள்ளவற்றுக்கு ஏற்ற ஒரு பங்கைக் கழித்துவிடுமாறு ஒரு வாய்பாட்டை அவர்கள் வகுத்தனர். அவ்வாறு திருத்திப் பூசினால் வேண்டாத மங்கல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, உருவம் மட்டும் எஞ்சுகின்றது. பெருக்கலும் கூட்டலுமே போதும். ஒரு திசைப் படம் வந்தவுடன் அதனைத் திருத்தத் தொடங்கிவிடலாம். அந்தத் துடைப்புமுறை இன்றளவும் இவ்விருவர் பெயர்களின் முற்பகுதிகளை இணைத்து ராம்-லாக் வடிகட்டி என வழங்கப்படுகின்றது.

அதே 1971ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் கருவியால் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளை இலண்டனிற் படமெடுக்கப்பட்டது. அவர் தொடக்கத்திற் கையாண்ட கணக்குமுறை வேறு. பின்வந்த ஸ்கான் கருவிகள் திருத்திப் பூசும் முறையையே தழுவிப் பல பத்தாண்டுகள் அதனைக் கொண்டே இயங்கின. அண்மைக் காலத்திலேதான் புதிய கணக்குமுறைகள் அதனோடு சேர்ந்தும் அதற்கு ஈடாகவும் வந்துள்ளன. 1979இல் ஸ்கான் கருவிக்கென நோபெல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் கிடைத்தது. இராமச்சந்திரனாருக்குக் கிடைக்கவில்லை. நடுநிலை நின்று நோக்குவார்க்கு, வானொலி வானியலில் பிரேஸ்வெல் என்பவர் இத்தகைய முறையை 1967இலேயே தம் துறைக்கெனக் கண்டிருந்தமையும் தெரியவரும். ஓர் உண்மையை ஒருவரையறியாது ஒருவர் வேறுவேறு வாயில்களாற் சென்றடைவது அறிவுலகில் உண்டு. அதனால் இவருடைய பெருமை குன்றுவதில்லை.

படம் சொல்லும் வருங்காலம்

முன்னர்ச் சொல்லாது விடுத்த காரணத்தை இனிக் கூறுவேன். என்னுடன் பல்லாண்டு தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர்க்கு நீங்காத இருமல் கண்டது. கொத்தமல்லிக் கஷாயத்திலும் தூதுவளையிலும் சில மாதங்கள் கழிந்தன. பின்னர் ஸ்கான் படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியிலே சிறு கட்டியொன்று தென்பட்டது. சத்திரசிகிச்சைக்கு உடன்படுவதா என்று அவர் கலங்கியிருந்த நாட்களில், வைத்தியர் அப்படத்தை விரித்து எங்கள் இருவர்க்கும் பொறுமையுடன் விளக்கினார். அன்று கேட்டவற்றையும் பின்னர்த் தேடிக் கற்றவற்றையும் சேர்த்து இங்கே தருகின்றேன்.

ஸ்கான் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1000. காற்று நிறைந்த நுரையீரல் காற்றை அடுத்து நிற்கும். திண்ணிய கட்டி தண்ணீரை ஒட்டி நிற்கும். இரத்தோட்டைக்கு மேலே றிவர்ஸ்டன் மலையிற் பனிமூட்டம் படர்ந்திருக்கும்போது, மரங்களின் வடிவம் மங்கலாயினும் உள்ளே தெரியும். கற்பாறையோ பின்னுள்ளதை முற்றும் மறைத்துவிடும். நுரையீரற் கட்டியிலும் இவ்விரு பகுதிகள் உண்டு. குருதிக் குழாய்கள் ஊடே தெரியுமாறு பனிபோல் மங்கிய பகுதி பெரும்பாலும் மெல்ல வளர்வது. பாறைபோல் திண்ணிய பகுதி பரவும் இயல்பு மிக்கது. ஆகவே கட்டியின் மொத்த அளவைக் காட்டிலும், அதனுள் திண்ணிய பகுதி எத்தனை பங்கு என்பது நோயாளியின் பின்னிலையை நன்கு காட்டுகின்றது. விளிம்பு முட்கள்போல் கதிர்விட்டிருத்தலும், நுரையீரலைப் போர்த்த சவ்வைக் கட்டி உள்ளிழுத்து நிற்றலும் தீயகுறிகளாக எண்ணப்படுகின்றன.

யப்பான் நாட்டார் இவ்வாராய்ச்சியில் முன்னணியில் நின்றனர். இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாத, ஆயினும் திண்ணிய பகுதி பாதிக்கு மேற்பட்ட கட்டிகளை மெல்லிய துண்டுப் படங்களாற் றெரிந்தெடுத்து, 1,106 நோயாளரை இரு பகுதியாக்கினர். ஒரு சாரார்க்கு நுரையீரலின் ஒரு மடல் முழுவதையும் நீக்கினர். மற்றச் சாரார்க்கு அம்மடலின் ஒரு கூறை மட்டும் நீக்கினர். 2022இல் வெளிவந்த முடிவின்படி, ஐந்தாண்டு கழிந்தபின் உயிருடன் இருந்தோர் முதற் சாராரில் நூற்றுக்கு 91.1, இரண்டாஞ் சாராரில் 94.3. குறைவாக வெட்டியோரிடத்தில் நோய் அதே இடத்தில் மீளுதல் மிகுதியாக இருந்தும், வாழ்ந்தோர் தொகை குறையவில்லை. எவர்க்குக் கத்தி சிறிதளவே போதும் என்று தெரிந்துகொள்ளப் படமே துணை நின்றது.

எஞ்சும் மூச்சையும் ஒருவாறு கணக்கிடலாம். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. கூறுகள் வலத்தே பத்து, இடத்தே ஒன்பது, ஆகப் பத்தொன்பது. வலது மேல்மடலில் மூன்று கூறுகள் உள. அதனை நீக்கினால் பத்தொன்பதிற் பதினாறு பங்கு, அஃதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 84 பங்கு மூச்சுவன்மை எஞ்சும் என மதிப்பிடுவர். நெடுநாட் புகைத்தவரின் நுரையீரல் முன்பே பொத்தலாகியிருப்பின் இக்கணக்கு மாறும். அப்பொத்தல்களையும் படமே காட்டும். இக்கணக்கைக் கேட்டபின்னரே என் நண்பரின் முகம் தெளிந்தது. அச்சத்துக்கு எல்லை இல்லை. எண்ணுக்கு எல்லை உண்டு.

இன்று கணனி மனிதக் கண்ணினும் நுணுகிப் படத்தை அளக்கின்றது. கட்டியின் வடிவம், அடர்த்தி, இழைநயம் எனப் பலநூறு கூறுகளை எண்ணாக்கி, அவற்றால் நோயாளியின் வருங்காலத்தை முன்னறிய முயல்கின்றனர். 2014இல் ஒரு குழுவினர் 1,019 நோயாளரின் படங்களில் 440 கூறுகளை அளந்து, வாழ்நாளோடு தொடர்புடைய சிலவற்றை எடுத்துக் காட்டினர். பின்வந்தோர் அதனை மீண்டும் ஆராய்ந்தபோது, அக்கூறுகள் சொல்லியது பெரும்பாலும் கட்டியின் பருமனையே எனக் கண்டனர். இன்னுமொன்று: ஸ்கான் கருவியில் மங்கலைத் துடைக்கும் வடிகட்டி கூரியதாயின் இழைநயத்தின் எண்கள் ஒருவகையாகவும், மென்மையதாயின் வேறுவகையாகவும் வருகின்றன. ஒரு வைத்தியசாலையில் கண்ட விதி மற்றொன்றில் பொய்த்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏட்டை மிகுதியாகத் துடைத்தால் எழுத்தும் போம். குறைவாகத் துடைத்தால் கறையும் எழுத்தாகத் தோன்றும். சுவடி ஆராய்வோர் அறிந்த இவ்வுண்மை நோய் ஆராய்வோர்க்கும் பொருந்துகின்றது.

தருக்கமும் இறுதிக் காலமும்

1970ஐ ஒட்டி இராமச்சந்திரனார் சென்னையை நீங்கிப் பெங்களூர் மீண்டு, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். 1977இல் இலண்டன் றோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அகவை அறுபதை அணுகியபோது, எக்ஸ் கதிரை விட்டுத் தருக்கத்தை ஆராயப் புகுந்தார். உண்டு, இல்லை என்னும் இரண்டோடு நில்லாது, இருக்கலாம் என்னும் நிலைகளையும் ஏற்றுக்கொள்ளும் சமணரின் சியாத்வாதத்தை அடியாகக் கொண்டு, சியாத் நியாயம் எனப் பெயரிட்ட ஒரு தருக்க முறையைக் கணித வடிவில் அமைத்தார். மணிமேகலையின் பிற்பகுதிக் காதைகளில் அளவைகளையும் ஏதுப் போலிகளையும் பயின்ற தமிழ் மாணவர்க்கும், நீலகேசி கற்றோர்க்கும் இது புதிய நாடன்று. பழைய ஊரின் புதிய வாயில் எனலாம்.

நோயாளியின் வருங்காலத்தைப் படங்கொண்டு சொல்லுதல் என்பதும் இருக்கலாம் என்னும் தருக்கத்தைச் சேர்ந்ததே. நூற்றுக்குத் தொண்ணூற்றுநால்வர் வாழ்வர் என்று சொல்லும் படம், இவர் வாழ்வார் என்று சொல்வதில்லை. அவ்வெல்லையை அறிந்து பேசுபவரே நல்ல வைத்தியர்; அறிந்து கேட்பவரே அமைதியுறும் நோயாளி. உருவை மீட்கும் கணக்கைக் கண்டவரே உறுதியின்மைக்கும் ஒரு கணக்கைத் தேடினார் என்பதை எண்ணுந்தோறும் என் மதிப்பு மிகுகின்றது.

அவரது முதுமை இன்னல் மிக்கது. நடுக்குவாத நோய் அவரைப் பற்றியது. 1945இல் மணந்து இன்ப துன்பங்களிற் பங்குகொண்டு வந்த இராஜலட்சுமி அம்மையார் 1998இல் மறைந்தமை அவரை வெகுவாகத் தளர்த்திற்று. 1999இல் உலகப் படிகவியலார் தங்கள் உயர்ந்த விருதாகிய ஈவால்ட் பரிசை அவருக்கு அளித்தனர். ஈராண்டில் விளக்கு அணைந்தது. மைந்தர்களுள் ஒருவரான இரமேஷ் நாராயண் வானியல் அறிஞராக உலகப் புகழ் எய்தியுள்ளார்.

இவ்வாழ்விலிருந்து தமிழாசிரியர்களாகிய நாம் மேற்கொள்ளத்தக்க கடமை ஒன்றுண்டு. என் நண்பர் நன்னூலையும் தொல்காப்பியத்தையும் தலைகீழாய் அறிந்தவர். எனினும் தம் நெஞ்சைப் பற்றிய ஸ்கான் அறிக்கையில் ஒரு வரியையேனும் அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை, அது ஆங்கிலத்தில் இருந்தமையால். அவர்க்கே இந்நிலையெனின், மலைத் தோட்டத்திற் கொழுந்து கிள்ளும் தாய்க்கு என்ன நிலை? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். அயல்நாட்டார் ஒருவர் செய்த அப்பணியைத் தொடர்தல் நமக்கு அரிதன்று. பனிமங்கல், திண்பகுதி, மடல், கூறு, முட்கதிர் விளிம்பு என்று எளிய சொற்கள் நம்மிடம் உள. வைத்தியர்களும் பண்டிதர்களும் ஒருங்கமர்ந்து, படத்தின் செய்தியை நோயாளி தம் மொழியில் வாசிக்குமாறு ஒரு சிறு சொற்றொகுதியை ஆக்கினால் போதும்.

என் நண்பர் உடன்பட்டுச் சத்திரசிகிச்சை பெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. வெள்ளிதோறும் சிறுவர்க்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கின்றார். நெடிய அடிகளை இடையில் ஒருமுறை நிறுத்தி மூச்செடுத்துப் பாடுகின்றார். அச்சொற்றொகுதிக்கு முதல் முப்பது சொற்களை எழுதித் தந்தவரும் அவரே.